ஃபோனில் சரி, கடிகாரத்தில் தலைகீழ்: ஸ்மார்ட்வாட்ச்சில் தேதி வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள்?

2025 ஏப்ரல் 3, வியாழன் – வாசகர் ஒருவரின் கேள்வி

தேதியில் மாதத்துக்கு முன்னால் நாளை எழுதும் நாடு ஒன்றுக்கு ஃபோனின் வட்டார அமைப்பை மாற்றிவிட்டேன். ஃபோனில் இன்றைய தேதி 03/04 என்று சரியாகவே தெரிகிறது. அதனோடு இணைத்திருக்கும் கடிகாரத்தில் மட்டும் 04/03 என்றே இருக்கிறது. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தும் பயனில்லை. ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுவதற்காகத்தானே வட்டார அமைப்பு இருக்கிறது? ஆகவே இது கடிகாரத்தின் கோளாறு என்பது என் முடிவு.

ஏப்ரல் 3, இரவு

அந்த முடிவுக்கு வருமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். 04/03 எங்கே தெரிகிறது? முகப்பிலா, கடிகாரத்தின் அமைப்புகள் பக்கத்திலா, வந்து விழும் அறிவிப்புகளிலா? ஒரே திரையில் தெரிந்தாலும் இம்மூன்றையும் எழுதுபவை வெவ்வேறு நிரல்கள். ஃபோனின் மொழியும் வட்டாரமும் ஓரிடம். கடிகாரத்துக்கென ஃபோனில் நிறுவும் துணைச் செயலி இன்னோரிடம். கடிகாரத்தின் சொந்த இயங்குதளம் மூன்றாவது. வாட்ச்ஃபேஸ் எனப்படும் முகப்பு நான்காவது. தேதியின் வரிசை இந்நான்கில் எங்கு வேண்டுமானாலும் தீர்மானிக்கப்படலாம். முதல் மூன்றும் ஒத்துப்போனாலும், கடைசியில் இருக்கும் முகப்பு தன் விருப்பப்படி எழுதிவிட முடியும். கேட்டவர் முதலில் முகப்பை மட்டும் மாற்றி, தயாரிப்பு நிறுவனம் உடன் தந்த எளிய முகப்பு ஒன்றை வைத்துப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஃபோனிலிருந்து கடிகாரத்துக்குப் போகும் வழியிலேயே தேதி புரண்டுவிடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அப்படி நிகழ இடமில்லை. நடப்பு நேரத்தை அனுப்புவதற்குப் புளூடூத் தரத்தில் தனிச் சேவையே இருக்கிறது. அதில் தேதியும் நேரமும் 10 பைட்டுகளாகச் செல்கின்றன: ஆண்டுக்கு 2 பைட், பின்னர் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, கிழமை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பைட், அதன்பின் நொடியின் பின்னமும் நேரத்தைத் திருத்தியதற்கான காரணமும். எந்த நாட்டுக் கடிகாரமானாலும் அந்த வரிசை மாறாது. கிழமையைக்கூடத் திங்களுக்கு 1 என்று எண்ணாகவே அனுப்புகிறார்கள்.

உடற்பயிற்சிப் பதிவுகளில் இந்தச் சிக்கல் இன்னும் குறைவு. கார்மின் கடிகாரங்கள் பயன்படுத்தும் ஃபிட் கோப்பில் நாளும் இல்லை, மாதமும் இல்லை. 1989 டிசம்பர் 31 அன்று உலகப் பொது நேரமான யுடிசிப்படி 00:00 மணியிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. ஆகவே கடிகாரத்தின் உள்ளே தேதி தெளிவாகவே இருக்கிறது. கண்ணுக்குக் காட்டுவதற்காக அதை எழுத்தாக்கும் கடைசிக் கணத்தில்தான் வரிசை என்ற கேள்வியே எழுகிறது.

புளூடூத்தின் அந்த நேரச் சேவையில் நேர மண்டலத்துக்கும் கோடைக்கால நேரத்துக்கும் இடம் ஒதுக்கியவர்கள், பயனர் எந்த வரிசையில் தேதியைப் படிக்கிறார் என்பதற்கு இடம் வைக்கவில்லை. அந்தத் தகவலைக் கடிகாரத்துக்குச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு நிறுவனமும் தன் துணைச் செயலி வழியாகத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும். அதைச் செய்யாத கடிகாரம், தொழிற்சாலையில் வைத்த வரிசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முகப்பை மாற்றியவுடன் சரியாகிவிட்டதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். பதிவிறக்கிய முகப்பில்தான் மாதம் முன்னால் வந்திருக்கிறது. அந்த முகப்பைச் செய்தவரை இதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கிடைக்கும் கருவிகளே அப்படித்தான் இருக்கின்றன. 2023இல் ஸ்மார்ட்வாட்ச்களுக்கான கூகுளின் இயங்குதளமான வேர் ஓஎஸ் 4 வந்தபோது, கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து உருவாக்கிய புதிய முகப்பு வடிவமும் வந்தது. அதில் நாள், மாதம், ஆண்டு, கிழமை எல்லாம் தனித்தனி மதிப்புகளாகக் கிடைக்கின்றன. நாளை ஒற்றை இலக்கமாகவோ முன்னால் சுழியம் சேர்த்தோ பெறலாம். மாதத்தை எண்ணாகவோ, சுருக்கப் பெயராகவோ, முழுப் பெயராகவோ பெறலாம். எதை முன்னால் வைப்பது என்பதை வடிவமைப்பாளர் கையால் எழுதிவைக்கிறார். தம் கண்ணுக்குப் பழகிய வரிசையை அவர் எழுதுவார். உலகெங்கும் அதைப் பதிவிறக்குபவர்கள் அதையே படிப்பார்கள்.

ஏப்ரல் 6, பிற்பகல்

"ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டு, அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பதிலாகப் பிரிட்டன் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்" என்று ஒருவர் சொல்கிறார். பெரும்பாலும் அது பலிக்கும். பலிப்பதற்கான காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரண்டும் தேதி வடிவங்களை யூனிகோடு அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து எடுக்கின்றன. அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாதம்/நாள்/ஆண்டு, பிரிட்டன் ஆங்கிலத்துக்கு நாள்/மாதம்/ஆண்டு, ஜெர்மனுக்குப் புள்ளிகளால் பிரித்த நாள்.மாதம்.ஆண்டு, ஸ்வீடிஷுக்கு ஆண்டு-மாதம்-நாள் என்று ஒவ்வொரு மொழிக்கும் நாட்டுக்கும் அங்கே வார்ப்புகள் உள்ளன. தமிழுக்கு நாள்/மாதம்/ஆண்டு. ஆண்ட்ராய்டில் நெடுங்காலமாக நாடு என்பது மொழியின் பின்னொட்டாகவே தேர்வாகிறது. வேர் ஓஎஸ் கடிகாரமும் பொதுவாக இணைந்திருக்கும் ஃபோனின் மொழியையே பின்பற்றுகிறது. ஆகவே தேதியின் வரிசையை மாற்ற விரும்புபவர் தம் மொழியையே மாற்ற வேண்டியிருக்கிறது; அதனோடு சேர்ந்து குரல் உதவியாளரின் உச்சரிப்பு முதல் எழுத்துப்பிழைத் திருத்தம் வரை நாம் கேட்காதவையும் மாறக்கூடும்.

இதில் எனக்கு உண்மையான மனக்குறை உண்டு. மொழியையும் நாட்டையும் நிரல்களுக்குச் சொல்லும் யூனிகோடின் மொழிக்குறிகளில், நாட்காட்டி வகையைத் தனியே குறிப்பிட ஒரு சாவி உண்டு. எண்களை எழுதும் வடிவமான எண்ணுருவுக்கு ஒன்று, 12 அல்லது 24 மணி முறைக்கு ஒன்று, வாரத்தின் முதல் நாளுக்கு ஒன்று எனத் தனித்தனியாக உண்டு. நாள் முன்னாலா மாதம் முன்னாலா என்பதற்கு மட்டும் சாவி இல்லை. அதிகபட்சம், "மொழி இது, ஆனால் வட்டார வழக்கங்களை அந்த நாட்டிலிருந்து எடு" என்று மொத்தமாக மாற்றலாம். 2023இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14 வட்டார விருப்பங்கள் என்று தனிப் பக்கமே தந்தபோது, வெப்பநிலை அலகும் வாரத்தின் முதல் நாளும் எண்ணுருவும் இடம்பெற்றன. அன்றாடம் கண்ணில் படும் தேதி வரிசை இடம்பெறவில்லை. பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குள்ளேயே தேதி வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வரி இருந்தது, பின்னர் அதை எடுத்துவிட்டார்கள். ஐஃபோனின் அண்மைய பதிப்புகள் தேதி வடிவத்தைத் தனியே தேர்ந்தெடுக்க விடுகின்றன. அமேஸ்ஃபிட் கடிகாரங்களின் இயங்குதளமான செப் ஓஎஸ்ஸில் ஆண்டு முதலில், நாள் முதலில், மாதம் முதலில் என மூன்று மதிப்புகள் கொண்ட தேதி அமைப்பு உண்டு. முகப்பு எழுதும் நிரலாளர் அதைக் கேட்டறிந்து அதன்படி எழுத முடியும். இந்த மூன்று மதிப்புகள் போதும். இதைவிடப் பெரிதாக யாரும் எதையும் கட்டத் தேவையில்லை.

ஏப்ரல் 9, புதன்

"இன்று என்ன மாதம் என்பது எல்லோருக்கும் தெரியுமே, 09/04 என்றாலென்ன, 04/09 என்றாலென்ன?" என்ற கேள்வி வந்திருக்கிறது. முகப்பில் இருக்கும் இன்றைய தேதியைப் பொறுத்தவரை இது நியாயமான கேள்வி.

எனக்கு இது சிக்கலானது இன்றைய தேதியால் அன்று, கழிந்த தேதிகளால். சில காலம் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தபோது, கடிகாரம் எழுப்பிய எச்சரிக்கைகளைத் துணைச் செயலியிலிருந்து பட்டியலாக எடுத்து மருத்துவரிடம் கொண்டு போனேன். அதில் 02/05, 03/05, 05/02 என்று வரிகள் இருந்தன. முதல் இரண்டும் பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாக வந்தவையா, மே மாதத்தில் அடுத்தடுத்து வந்தவையா என்று பட்டியலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. புதிய மாத்திரை தொடங்கியது ஏப்ரலில். அந்த எச்சரிக்கைகள் அதற்கு முன்னால் வந்தனவா பின்னால் வந்தனவா என்பதுதான் மருத்துவருக்குத் தேவைப்பட்ட ஒரே செய்தி. செயலியைத் திறந்து ஒவ்வொரு எச்சரிக்கையாகத் தொட்டு, மாதப் பெயரோடு காட்டும் உட்பக்கத்துக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். பட்டியலில் எண், உள்ளே போனால் பெயர். ஒரே செயலிக்குள் இரண்டு வழக்கம்.

இது எல்லோருக்கும் நேரும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடிகாரங்கள் நேரம் காட்டுவதோடு நின்றிருந்த காலம் போய், உறக்கமும் துடிப்பும் மாதவிடாயும் மருந்து நினைவூட்டலும் அவற்றில் பதிவாகும் காலம் வந்துவிட்டது. இந்தப் பதிவுகளில் தேதி ஓர் அலங்காரம் அன்று. பதிவின் பாதி அதுதான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று முதல் எல்லோருக்கும் எல்லாமே சரியாகத் தெரியத் தொடங்கியிருக்கும். 13 தொடங்கி மாத முடிவு வரை எந்த வரிசையில் எழுதினாலும் குழப்பம் வராது, ஏனெனில் 13ஆம் மாதம் இல்லை. குழப்பத்துக்கு இடம் தருபவை ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாள்கள்: மொத்தம் 144. அவற்றில் 01/01, 02/02 போல இரண்டும் ஒன்றாக இருக்கும் 12ஐக் கழித்தால் ஆண்டுக்கு 132 நாள்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இந்தப் பிழை நீண்ட நாள் பிழைத்திருப்பதற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதத்தின் பின்பாதியில் சோதித்துப் பார்ப்பவர் 04/14ஐக் கண்டு, பழக்கமில்லாத வரிசை என்று மட்டும் நினைத்துவிட்டுப் போவார். அதே நிரல் 04/05 என்று காட்டும்போது அது வேறொரு நாளைச் சொல்வதாகப் படிக்கப்படும் என்பது அப்போது மனத்தில் உறைக்காது. புதுக் கடிகாரத்தைச் சோதிப்பவர்கள் மாதத்தின் முற்பாதியில் சோதியுங்கள். காத்திருக்க முடியாதென்றால், வரும் மாதம் 6ஆம் தேதிக்கு ஒரு நினைவூட்டல் வைத்து, அது முகப்பிலும் பட்டியலிலும் அறிவிப்பிலும் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். நினைவூட்டலுக்குப் பெயர் வைக்கும்போது மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் ஒப்பிடுவது எளிது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒரு சிறு சேர்க்கை. 1989இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ கடிகாரத்தின் திரையில் கிழமையும் நாளும் மட்டுமே தெரியும், மாதம் தெரியாது. ஆகவே வரிசைக் குழப்பமும் இல்லை. ஆண்டைக் கணக்கில் கொள்ளாததால் பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான் என்று அது எடுத்துக்கொள்ளும். அது தனிக் குறை. ஆனால் மணிக்கட்டில் ஒரு பார்வையில் வேண்டியது கிழமையும் நாளும்தான் என்ற அந்தத் தீர்மானம் இன்றும் செல்லும். கேசியோவின் பிந்திய ஜி-ஷாக் கடிகாரங்கள் பலவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிக்கொள்ளும் அமைப்பை, எந்த ஃபோனின் துணையும் இல்லாமல், கடிகாரத்தின் பொத்தான்களைக் கொண்டே மாற்ற முடிகிறது. அதையேனும் ஸ்மார்ட்வாட்ச்சில் எதிர்பார்ப்பது மிகையாகாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

"மாதத்தைப் பெயராக எழுதினால் தீர்ந்துவிடுமே" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தக் கட்சிதான். இருந்தாலும் வட்டத் திரையில், அதுவும் தமிழில், அது எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைச் செய்து பார்த்தபின் இன்னும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

வேர் ஓஎஸ் முகப்புகளில் சிறு தகவல்கள் உட்காரும் கட்டங்களுக்குள் குறும் உரை என்று ஒரு வகை உண்டு. அதில் எழுத்து, இலக்கம், குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து 7 இடங்களுக்கு மேல் போகக்கூடாது என்பது நிரலாளர்களுக்கான வழிகாட்டல். 05/08/25 என்பதே 8. "12 செப்." என்று எழுதினால் நம் கண்ணுக்கு 2 இலக்கம், ஓர் இடைவெளி, 2 எழுத்து, ஒரு புள்ளி, ஆக 6. உயிர்மெய்யின் குறியையும் மெய்யின் புள்ளியையும் தனித்தனியாகக் கொள்ளும் யூனிகோடு குறியிடங்களாக எண்ணும் நிரலுக்கோ "செ" என்பது 2, "ப்" என்பது 2, கூட்டினால் 8. முழுப் பெயரான "செப்டம்பர்" கண்ணுக்கு 6 எழுத்து, குறியிடங்களில் 10. இப்படி எண்ணி வெட்டும் நிரலில் புள்ளி மட்டும் போனால் நல்லது. சில முகப்புகளில் மெய்யின் புள்ளி வெட்டுப்பட்டு "செப" என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தை வெட்டும்போது குறியிடங்களை எண்ணாமல், படிப்பவர் ஓரெழுத்தாகக் காணும் தொகுதிகளை எண்ண வேண்டும். அதற்கான விதிகளை யூனிகோடு எப்போதோ எழுதி வைத்துவிட்டது. பயன்படுத்துவதுதான் பாக்கி.

இன்னொன்று: இடம் மிகக் குறைவாக இருக்கும்போது ஓரெழுத்துப் பெயர்களைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கான அந்தக் குறும்பெயர்களில் ஜூனும் ஜூலையும் ஒரே "ஜூ". ஆண்டு முழுதையும் 12 கட்டங்களாக வரிசையாகக் காட்டும்போது இது தொல்லை இல்லை, இடத்தைக் கொண்டே புரிந்துவிடும். தனித்து நிற்கும் தேதிக்கு இதைப் பயன்படுத்தினால், எண்ணால் வந்த குழப்பத்தை எழுத்தால் திருப்பிக் கொண்டுவந்ததாகும்.

மே 2, வெள்ளி

தரவை ஏற்றுமதி செய்பவர்களுக்கு. துணைச் செயலியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளிகளால் பிரித்த வெறும் உரையாக, எடுத்து எக்செல்லில் திறக்கும்போது, தேதியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைக் கணினியின் வட்டார அமைப்பு தீர்மானிக்கிறது. கோப்பு நாளை முன்னால் எழுதியிருக்க, கணினி மாதத்தை முன்னால் எதிர்பார்த்தால், 05/08 அமைதியாக மே 8 ஆகிவிடும். 13/08 தேதியாக மாற முடியாமல் வெறும் உரையாக நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி: அந்த நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். வலப்பக்கம் நிற்பவை தேதியாக ஏற்கப்பட்டவை. இப்படிக் கலந்து நின்றால் அவற்றை நம்பக்கூடாது. இடப்பக்கம் நிற்பவை, மாற்றப்படாமல் நின்றதாலேயே, சரியாக இருப்பவை. அந்த நிலையில் சேமித்துவிட்டால் மூலத் தேதியை மீட்பது கடினம். கோப்பை நேரடியாகத் திறக்காமல், தரவை இறக்குமதி செய்யும் வழியில் சென்று நெடுவரிசையின் தேதி வரிசையை நீங்களே குறித்துக் கொடுங்கள்.

மே 3, சனி

எல்லா இடத்திலும் ஐஎஸ்ஓ 8601 வரிசையே, அதாவது ஆண்டு-மாதம்-நாள், இருக்கட்டும் என்று ஒருவர் உறுதியாக வாதிடுகிறார். ஏற்றுமதிக் கோப்புகளுக்கும் பட்டியல்களுக்கும் இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். 1988இல் வெளியான தரம் அது. நான்கு இலக்க ஆண்டு முன்னால் நிற்பதால் அடுத்து வருவது மாதம் என்பதில் ஐயம் வராது. அகரவரிசையில் அடுக்கினாலே காலவரிசையும் கிடைத்துவிடும். முகப்புக்கு இதை ஏற்க மாட்டேன். மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பவருக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவது ஆண்டு. அதற்குத் திரையின் முதல் நான்கு இடங்களைக் கொடுப்பது வீண். ஆண்டை வெட்டிவிட்டு 05-03 என்று மட்டும் போட்டால், எந்த நன்மைக்காக அந்த வரிசையைத் தேர்ந்தோமோ அது போய்விடுகிறது. தவிர, கனடாவில் மூன்று வரிசைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. அரசு பரிந்துரைப்பது ஆண்டு முன்வரும் வரிசையையே. பரிந்துரை ஒன்று இருப்பதனால் மட்டும் மக்கள் கண் பழகிவிடுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு காட்டுவதே மரியாதை.

மே 18, ஞாயிறு

வாரத்தின் முதல் நாளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் இதே வட்டாரத் தரவிலிருந்தே வருகிறது: அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஞாயிறு, பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் திங்கள், எகிப்துக்குச் சனி. தேதியின் வரிசைக்காக நாட்டை மாற்றுபவர் கவனிக்க வேண்டியது இது. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதை ஒட்டி வார இலக்கு வைக்கும் கடிகாரங்கள் உண்டு. வாரத் தொடக்கம் ஞாயிற்றிலிருந்து திங்களுக்கு நகர்ந்தால் ஞாயிறன்று நடந்த நீண்ட நடை முந்திய வாரக் கணக்கில் சேர்ந்துவிடும். வாரத் தொடக்கத்தைத் தனியே மாற்றும் வசதி இருந்தால் நாட்டை மாற்றிய கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

வாரக் கணக்கு தேதிக்குள்ளேயே புகுந்து கெடுப்பதும் உண்டு. முகப்பு எழுதும் நண்பர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். தேதி வார்ப்புகளில் ஆண்டைக் குறிக்கும் ஒய் என்ற ஆங்கில எழுத்தைச் சிறியதாக எழுதினால் நாட்காட்டி ஆண்டு. பெரியதாக எழுதினால் வாரக் கணக்கின்படியான ஆண்டு. ஆண்டின் ஏறக்குறைய எல்லா நாள்களிலும் இரண்டும் ஒரே எண்ணைத் தருவதால் வேறுபாடு கண்ணில் படாது. ஐஎஸ்ஓ முறையில் ஆண்டின் முதல் வியாழன் அடங்கிய வாரமே முதல் வாரம், வாரம் தொடங்குவது திங்கள். ஆகவே 2024 டிசம்பர் 30, 31 ஆகிய இரண்டும் 2025இன் முதல் வாரத்தில் அடங்கின; பெரிய எழுத்தைப் பயன்படுத்திய நிரல் அந்நாள்களில் 2025 டிசம்பர் என்று காட்டும். 2025 முடிவில் டிசம்பர் 29, 30, 31 ஆகிய மூன்று நாள்களுக்கும் 2026 என்று வரும். ஞாயிற்றில் வாரத்தைத் தொடங்கும் வட்டாரங்களில் 28ஆம் தேதியே தொடங்கிவிடும். சோதனைக் கருவியின் தேதியை 2025 டிசம்பர் 29க்கு மாற்றி, வட்டாரத்தை ஒருமுறை ஜெர்மனியாகவும் ஒருமுறை அமெரிக்காவாகவும் வைத்து, வெளியிடுவதற்கு முன் முகப்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.